மருந்து ஏறிய பழைய மரத்தூளைக் காளானால் சுத்தப்படுத்துவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

பழைய ரயில்வே சிலிப்பர் கட்டைகளை வாங்கி அறுத்து, தோட்டத்து பெஞ்சும் மேசையும் செய்கிற சின்னப் பட்டறை எங்களுடையது. இருப்பது கோவைக்குப் பக்கம். நல்ல பலகை போக மிஞ்சும் தூளும் சிராயும் மூன்று வருடத்தில் பதினெட்டுச் சாக்கு சேர்ந்துவிட்டன. மரம் அழுகாமல் காக்க ஏற்றுகிற கிரியோசோட் என்ற நச்சு எண்ணெய் ஊறிய தூள் அது. அடுப்பில் போட முடியாது, எருவாக்க முடியாது, குப்பை வண்டியில் ஏற்றவும் முடியாது. காளான் இந்த எண்ணெயைச் சிதைக்கும் என்று படித்துவிட்டு இறங்கினேன். ஒன்றரை வருடமும் 83,000 ரூபாயும் போயின. சரியான வரிசையில் செய்திருந்தால் பன்னிரண்டு மாதத்தில், ஏறத்தாழ 43,000 ரூபாயில் முடிந்திருக்கும். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. மரத்தில் ஏறியிருக்கும் மருந்து எது என்று பாருங்கள்

மற்ற எல்லா முடிவும் இதைப் பொறுத்தே இருக்கிறது. இது தெரியாமல் வைக்கோல்கூட வாங்காதீர்கள்.

நம் பக்கம் பழைய மரத்தில் பெரும்பாலும் மூன்று வகை மருந்து வரும். ஒன்று கிரியோசோட். நிலக்கரித் தாரை வடித்து எடுக்கிற எண்ணெய் இது. மரம் கறுத்திருக்கும், புதிதாக அறுத்த முகத்தில் தாரும் பாச்சை உருண்டையும் கலந்த வாடை அடிக்கும். இரண்டாவது சி.சி.ஏ. எனப்படும் குரோமியம், செம்பு, ஆர்சனிக் உப்புக் கலவை. புதிதில் மரம் பச்சை பாயும். மூன்றாவது போரான் உப்பு. ரப்பர் மரச் சாமான்களில் இதுதான் வழக்கம். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

கண்ணை மட்டும் நம்பினால் இரண்டு இடத்தில் ஏமாறுவீர்கள். வெயிலிலும் மழையிலும் சில வருடம் நின்ற சி.சி.ஏ. மரத்தில் பச்சை போய்ச் சாம்பல் நிறமாகிவிடும். பார்த்தால் சாதாரணப் பழைய மரம் போலவே தெரியும். அடுத்தது, கறுப்பாக இருக்கிற சிலிப்பர் எல்லாம் கிரியோசோட் ஏறியதில்லை. சால், தேக்கு போன்ற உறுதியான மரங்களை மருந்து ஏற்றாமலே தண்டவாளத்தில் போட்டிருக்கிறார்கள். அவற்றின் மேலே உள்ள கறுப்பு, வண்டிகளிலிருந்து சிந்திய எண்ணெயும் அழுக்கும்தான். குறுக்கே வெட்டிப் பாருங்கள். மேல்தோல் மட்டும் கறுத்து உள்ளே மரம் இயல்பாக இருந்தால், அதைத் தனியாக எடுத்து வைத்துச் சோதனைக்கு அனுப்புங்கள்.

செம்பு இருக்கிறதா என்று அறியக் குரோம் அசூரால் என்ற நிறங்காட்டிக் கரைசல் போதும். புதிதாக வெட்டிய முகத்தில் தடவினால், செம்பு இருந்தால் கரும் நீலமாக மாறும். ரசாயனத் துறை உள்ள கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். ஆர்சனிக், குரோமியம் அளவு தெரிய, எக்ஸ் கதிரால் தனிமங்களை அளக்கிற எக்ஸ்.ஆர்.எஃப். கருவி வேண்டும். நான் மூன்று துண்டுக்கு 1,500 ரூபாய் கொடுத்தேன்.

இந்தப் படியைத் தாண்டிப் போனதால்தான் என் முதல் ஆறு மாதம் வீணானது. ஒரு பழைய சாமான் கடையில் சிலிப்பரோடு சேர்த்துச் சில கம்பங்களையும் தள்ளிவிட்டார்கள். பில்லில் எல்லாவற்றுக்கும் ‘பழைய மரம்’ என்று ஒரே வரி. அத்தனையையும் ஒரே ரம்பத்தில் அறுத்து, தூளை ஒரே குவியலாகப் போட்டேன். பிறகு பார்த்தால் குவியல் முழுக்க ஆர்சனிக். எண்ணெயையும் உலோகத்தையும் கலந்துவிட்டால் பிரிக்க வழியே இல்லை. மருந்துக்கு ஒரு சாக்கு, சாக்குக்கு ஒரு சீட்டு, அறுத்த தேதி: இதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

2. காளானால் எது முடியும், எது முடியாது

சிப்பிக் காளான் வெண்ணழுகல் இனத்தைச் சேர்ந்தது. மரத்துக்கு உறுதி தருகிற லிக்னின் என்ற பொருளை உடைக்க அது வெளியே சுரக்கிற நொதிகள் ஆளைப் பார்த்து வேலை செய்வதில்லை; லிக்னினைப் போன்ற வளையக் கட்டமைப்பு உள்ள மற்றச் சேர்மங்களையும் தாக்கும். கிரியோசோட்டில் இருப்பவை பெரும்பாலும் அப்படிப்பட்ட பல வளைய ஹைட்ரோகார்பன்கள்தான். மூன்று வளையம் உள்ளவை சீக்கிரம் உடையும். ஐந்து, ஆறு வளையம் உள்ளவை மெதுவாகத்தான் உடையும். புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதிப்பட்ட பென்சோ-ஏ-பைரீன் ஐந்து வளையம் உள்ளது. ‘மொத்த அளவு பாதியாகிவிட்டது’ என்று கேட்டவுடனே நிம்மதி அடைய முடியாததற்கு இதுதான் காரணம்.

சி.சி.ஏ. கதை வேறு. ஆர்சனிக் ஒரு தனிமம். எந்தக் காளானும் அதை உடைத்து இல்லாமல் ஆக்க முடியாது. செம்பைத் தாங்கும் சில பழுப்பழுகல் பூசணங்கள் ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து ஆர்சனிக்கையும் குரோமியத்தையும் மரத்திலிருந்து கரைத்து வெளியே கொண்டுவரும். செம்பு அவ்வளவு எளிதில் வராது. செம்பு ஆக்சலேட் நீரில் கரையாமல் மரத்திலேயே தங்கிவிடும். அதற்காகப் பாக்டீரியாவையும் சேர்த்து இரண்டு கட்டமாக ஆய்வகங்களில் செய்கிறார்கள். மரம் சுத்தமானாலும் கையில் இருக்கப்போவது ஆர்சனிக் தண்ணீர். கனமீட்டருக்கு 6.4 கிலோ வீதம் சி.சி.ஏ. ஏறிய மரத்தில் ஆர்சனிக் மட்டும் ஏறத்தாழ 1.4 கிலோ இருக்கும். பட்டறையில் அதைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. போரான் தண்ணீரிலேயே கரையக்கூடியது, அதற்குக் காளான் தேவையில்லை.

ஆக, இனி வருவதெல்லாம் கிரியோசோட் மரத்துக்கு மட்டும்.

3. விண்ணப்பத்தை முதலில் போடுங்கள், பையைப் பிறகு போடலாம்

நான் தலைகீழாகச் செய்தேன். தூளை வைக்கோலோடும் காளானோடும் கலந்து பை போட்ட பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்குப் போனால், ‘யாரைக் கேட்டுச் செய்தீர்கள்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே இரண்டு மாதம் போனது.

2016ஆம் ஆண்டின் அபாயகரமான மற்றும் பிற கழிவுகள் விதிகள்தான் இங்கே அடிப்படை. கழிவின் பெயர் பட்டியலில் நேரடியாக இல்லாவிட்டாலும், இரண்டாம் அட்டவணையில் உள்ள செறிவு வரம்பைத் தாண்டினால் அது அபாயக் கழிவுதான். உங்கள் தூள் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை நீங்களே முடிவுகட்டாதீர்கள். சோதனை அறிக்கையோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்குப் போய், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: மரம் வாங்கிய பில் (ரயில்வே ஏலத்தில் எடுத்திருந்தால் ஏல ஆவணம்), இடத்தின் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், வருடத்துக்கு எவ்வளவு தூள் வரும் என்ற கணக்கு, சேமிக்கும் இடத்தின் வரைபடம், ஆய்வக அறிக்கை. அங்கீகார விண்ணப்பம் படிவம் 1. குறையில்லாத விண்ணப்பத்தின் மீது வாரியம் முடிவெடுக்க 120 நாள் அவகாசம் உண்டு. ‘குறையில்லாத’ என்பதைக் கவனியுங்கள். ஒரு தாள் குறைந்தாலும் அந்தக் கணக்கு தொடங்காது.

யாரும் சொல்லித் தராத சிக்கல் ஒன்று. அபாயக் கழிவைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. காளானுக்கோ நான்கு மாதம் வேண்டும். இதற்கு விதியிலேயே வழி இருக்கிறது. மறுசுழற்சி அல்லது பயன்பாட்டு முறை ஒன்றை உருவாக்குவதற்காகச் சேமிக்க வேண்டிய கழிவுக்கு வாரியம் இந்தக் காலத்தை நீட்டிக்கலாம். ஆனால் நாம் கேட்க வேண்டும். விண்ணப்பத்தோடு ஒரு தனிக் கடிதமாக வைத்துவிடுங்கள்.

ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. எனக்கு இரண்டாம் முயற்சியில் அது கிடைத்தது. துறைத் தலைவரின் ஒரு பக்கக் கடிதம் இருந்ததும் அலுவலகத்தில் கேட்ட கேள்விகளே மாறிவிட்டன.

4. அறுக்கும்போது உடம்பைக் காத்துக்கொள்ளுங்கள்

கிரியோசோட் பட்ட தோலில் வெயில் பட்டால் தீக்காயம் போல எரியும். ஒரு மத்தியானம் அரைக்கைச் சட்டையோடு நான்கு கட்டை அறுத்துவிட்டு, சாப்பிட வீட்டுக்கு வண்டியில் போனேன். கால் மணி நேர வெயில்தான். சாயந்திரம் முழங்கைக்குக் கீழே சிவந்து, சட்டைத் துணி உரசினால்கூடத் தாங்கவில்லை. தோல் உரிந்து ஆற பத்து நாள் ஆயிற்று.

முழுக்கைச் சட்டை, நைட்ரைல் கையுறை கட்டாயம். சாதாரண என்-95 முகக்கவசம் தூளை மட்டுமே தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான குப்பி மாட்டிய அரைமுகக் கவசம் வாங்குங்கள். எனக்கு 3,500 ரூபாய் ஆனது. போட்டிருந்த துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். குழந்தைகள் ஓடியாடும் வீடென்றால் இதில் சமரசமே வேண்டாம்.

கட்டையை அறுப்பதற்கு முன் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். தண்டவாள ஆணியின் முறிந்த நுனி உள்ளே இருந்தால் பிளேடு போய்விடும். தூள் ரவை அளவுக்கும் கடலைப் பருப்பு அளவுக்கும் இடையே இருப்பது நல்லது. மாவாக அரைத்தால் பைக்குள் காற்று போகாது. காற்று இல்லாவிட்டால் பூசணமும் வேலை செய்யாது.

5. பை போடுதல்

காளான் வித்து, அதாவது விதைபோலப் பயன்படும் உயிருள்ள பூசணம், வேளாண் பல்கலைக்கழகத்திலும் தனியார் கூடங்களிலும் கிடைக்கும். சோளத்தில் வளர்த்த, வெள்ளையாக முழுக்கப் படர்ந்த, ஒரு மாதத்துக்கு உட்பட்ட வித்தாகப் பார்த்து வாங்குங்கள். நான் ஒரு பொட்டலம் 60 ரூபாய் வீதம் பன்னிரண்டு வாங்கினேன். சாப்பிடுவதற்காகக் காளான் வளர்ப்பவர்கள் ஒரு வித்தில் இரண்டு படுக்கை போடுவார்கள். இங்கே நஞ்சோடு போராட வேண்டியிருப்பதால் ஒரு பைக்கு ஒரு வித்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முயற்சியில் வைக்கோலையும் சிலிப்பர் தூளையும் சேர்த்தே டிரம்மில் போட்டுக் கொதிக்க வைத்தேன். பட்டறை முழுக்க நெஞ்சை அடைக்கிற ஆவி. டிரம்மில் எண்ணெய்ப் படலம் மிதக்கிற 60 லிட்டர் கரும் தண்ணீர் மிஞ்சியது. இல்லாத ஒரு நஞ்சுத் திரவத்தை நானே உண்டாக்கிவிட்டேன். தயவுசெய்து தூளைச் சூடாக்காதீர்கள். வைக்கோலை மட்டும் நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, 80 டிகிரி வெந்நீரில் முக்கால் மணி நேரம் வைத்து, நிழலில் உலர்த்துங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. உள்ளங்கை ஈரமாக வேண்டும்.

அடுத்து இரண்டு கட்டம். முதலில் தூள் சேர்க்காமல் வைக்கோலில் மட்டும் வித்து போட்டு 15 முதல் 20 நாள் வளர விடுங்கள். பை முழுக்க வெள்ளையான பிறகு, அதை உதிர்த்து, லேசாக ஈரப்படுத்திய சிலிப்பர் தூளைக் கலந்து மறுபடி கட்டுங்கள். உலர் எடையில் மூன்று பங்கு வைக்கோலுக்கு ஒரு பங்கு தூள். நேரடியாகத் தூளில் வித்து போட்டால் பூசணம் செத்துவிடும். மரத்தைப் பூசணத்திடமிருந்து காக்க ஏற்றிய மருந்து அல்லவா அது?

பன்னிரண்டு பை போதும். அரைக் கிலோ வைக்கோல் வீதம் மொத்தம் ஆறு கிலோ. அதில் ஆறு பை உயிருள்ள பூசணமும் சிலிப்பர் தூளும். மூன்று பையில், கொதிக்க வைத்துக் கொன்ற வித்தும் சிலிப்பர் தூளும். மீதி மூன்றில் உயிருள்ள பூசணமும் மருந்தில்லாத மரத்தூளும். நடுவில் உள்ள மூன்று பையை வீண் என்று நினைத்து முதல் தடவை விட்டுவிட்டேன். அவை இல்லாவிட்டால் ஏழாம் படியில் வரும் கணக்கு நிற்காது.

ஏன் இவ்வளவு சிறிதாக என்று கேட்பீர்கள். 250 கிலோ தூளோடு 750 கிலோ வைக்கோலைக் கலந்து பூசணம் பிடிக்காமல் போனால், கையில் இருப்பது ஒரு டன் அபாயக் கழிவு. அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. பெருந்தொகுதிக்குப் போகும்போது வித்துக்குப் பதிலாக, அறுவடை முடிந்து காளான் வளர்ப்பவர்கள் கொட்டுகிற பழைய படுக்கைகளைக் கேட்டு வாங்கலாம். அதில் பூசணம் இன்னும் உயிரோடு இருக்கும். பெரும்பாலும் சும்மாவே தருவார்கள்.

6. அடுத்த நான்கு மாதம்

சிமென்ட் தரை, காற்றோட்டமுள்ள கொட்டகை, பைக்குக் கீழே கசிவைப் பிடிக்கத் தட்டு. வீட்டை ஒட்டி வைக்காதீர்கள். வெப்பம் 24 முதல் 28 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. எங்கள் பக்கம் மார்ச் முதல் மே வரை இதற்குச் சரிவராது.

கலந்த முதல் வாரம் பூசணம் செத்துவிட்டதோ என்று பயம் வரும். பதினோராம் நாள் நான் பார்த்தபோது வெள்ளை இழைகள் ஒவ்வொரு கருஞ்சிராயைச் சுற்றியும் அரை விரல் தள்ளியே நின்றிருந்தன. ஒவ்வொரு துண்டுக்கும் சுற்றிலும் ஒரு வெற்று வளையம். இருபத்தாறாம் நாள் அந்த வளையம் மூடியிருந்தது. சிராயின் மேல் மெல்லிய வலைபோல இழை ஏறி, நுனிகளில் தேன்நிறத் துளிகள் நின்றன. ஆகவே ஒரு மாதம் பொறுங்கள். பச்சைப் பூஞ்சை ஒரு மூலையில் வந்தால் அந்தப் பையை மட்டும் தனியே தள்ளி வைத்து, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காளான் மொட்டு விட்டால் உடனே கிள்ளி மூடிய டப்பாவில் போடுங்கள். பார்க்க அழகாக, சந்தையில் இருப்பது போலவே இருக்கும். யாரும் தின்னக் கூடாது, மாட்டுக்கும் போடக் கூடாது. காளான் கன உலோகங்களை இழுத்துச் சேர்த்துக்கொள்ளக் கூடியது. தூளில் ஒரு கம்பம் தவறிக் கலந்திருந்தால் அது அந்த மொட்டில்தான் இருக்கும். கொட்டகைக் கதவில் ‘உண்ணத் தகாதது’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். எங்கள் பட்டறையில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர், வீணாகப் போகிறதே என்று ஒரு கொத்தை வீட்டுக்கு எடுத்துப் போகப் பையில் கட்டி வைத்திருந்தார். நல்லவேளை, கண்ணில் பட்டது.

7. சோதனையும் கணக்கும்

செலவில் முக்கால் பங்கு இங்கேதான். 16 ஹைட்ரோகார்பன்களைத் தனித்தனியாக அளக்கிற சோதனைக்கு மாதிரி ஒன்றுக்கு நான் 6,500 ரூபாய் கொடுத்தேன். குறைந்தது ஐந்து மாதிரி வேண்டும்: கலக்காத தூள் ஒன்று, கலந்த அன்று ஒன்று, நான்காம் மாதம் உயிருள்ள பையில் இரண்டு, செத்த வித்துப் பையில் ஒன்று. மொத்தம் 32,500 ரூபாய். ஆய்வகங்களுக்குத் தரும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், மரத்தூளில் இந்தச் சோதனையைச் செய்வார்களா என்றும் கேளுங்கள். தண்ணீருக்கு மட்டும் அங்கீகாரம் வைத்திருப்பவர்கள் உண்டு. மாதிரியைப் பிளாஸ்டிக்கில் போடாமல் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில், 6 டிகிரிக்குள் வைத்து அனுப்புங்கள். எடுத்த 14 நாளுக்குள் ஆய்வகம் பிரித்தெடுப்பைத் தொடங்கிவிட வேண்டும்.

பெரிய பொறி கணக்கில் இருக்கிறது. எளிய எண்ணில் சொல்கிறேன். ஒரு கிலோ தூளில் 1,000 மில்லிகிராம் நஞ்சு இருக்கிறது என்று வையுங்கள். மூன்று கிலோ வைக்கோல் சேர்த்ததுமே ஆய்வக அறிக்கை கிலோவுக்கு 250 என்று காட்டும். பூசணம் ஒன்றுமே செய்யவில்லை, வைக்கோல் சேர்ந்ததால் வந்த குறைவு அது. நான்கு மாதம் கழித்து நான்கு கிலோ உலர் எடை மூன்றாகக் குறைந்து, அறிக்கை கிலோவுக்கு 150 என்று வந்தால், மீதமுள்ள நஞ்சு 450 மில்லிகிராம். அதாவது 55 சதவீதம் குறைந்திருக்கிறது. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மட்டும் பார்த்து ‘85 சதவீதம் போய்விட்டது’ என்று சொன்னால் தவறு. செத்த வித்துப் பையில் 800 மில்லிகிராம் மிஞ்சியிருந்தால், 20 சதவீதம் தானாகவே ஆவியாகியோ வேறு வழியிலோ போனது; கிரியோசோட்டில் உள்ள நாப்தலீன் அப்படித்தான் காற்றில் போய்விடும். பூசணத்தின் பங்கு 35 மட்டுமே. இந்தக் கணக்குக்காகத்தான் ஒவ்வொரு பையையும் தொடக்கத்திலும் முடிவிலும் உலர் எடை போட வேண்டும்.

என் ஆறு பைகளில் மூன்று வளையச் சேர்மங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. பென்சோ-ஏ-பைரீன் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. அதனால் இன்னும் மூன்று மாதம் நீட்டினேன். கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான்.

8. முடிந்த பையை எங்கே கொண்டுபோவது

எண் எவ்வளவு குறைந்தாலும் காய்கறித் தோட்டத்துக்கு எருவாகப் போடாதீர்கள். நல்ல பயன் என்று நான் கண்டது ஒன்றே: அடுத்த தொகுதிக்கு வித்தாக. நஞ்சுக்குப் பழகிய பூசணம் புதுத் தூளில் சீக்கிரம் படர்கிறது. எங்கள் இரண்டாம் தொகுதியில் அந்த வெற்று வளையம் ஒரு வாரத்திலேயே மூடிக்கொண்டது.

மிஞ்சுவது அங்கீகாரம் பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். சிமென்ட் சூளையில் இணை எரிப்புக்கு அனுப்பலாம், அல்லது கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற பொதுச் சுத்திகரிப்பு மையத்துக்கு. வண்டியில் ஏற்றும்போது படிவம் 10 கூடவே போக வேண்டும். அன்றாட இருப்பைப் படிவம் 3-இல் எழுதி வாருங்கள். ஆண்டறிக்கை படிவம் 4, ஒவ்வொரு ஜூன் 30-க்குள். வருடத்துக்கு நான்கைந்து சாக்குக்கு மேல் தூள் வராத பட்டறை என்றால், காளானை விட்டுவிட்டு நேராகச் சூளைக்கு அனுப்புவதே மலிவு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். தூள் தொடர்ந்து வருகிறது, இடமும் ஆளும் இருக்கிறது என்பவர்களுக்கே இந்த வேலை.

9. மாதக் கணக்கு

பின்னாலிருந்து எண்ணுங்கள். ஜூலை தொடக்கத்தில் வைக்கோல் பை போட வேண்டுமானால், வித்துக்கு ஜூன் முதல் வாரமே சொல்லி வைக்க வேண்டும். 120 நாள் கணக்கில், படிவம் 1 பிப்ரவரிக்குள் உள்ளே போயிருக்க வேண்டும். அதற்கு மருந்துச் சோதனை ஜனவரியில். ஜூலை கடைசியில் தூள் கலந்தால், நான்கு மாதம் நவம்பர் கடைசியில் முடியும். மாதிரி எடுப்பதை டிசம்பர் முதல் வாரத்துக்கு வையுங்கள். அறிக்கை வர எனக்கு மூன்று வாரம் ஆனது.